பன்னிரண்டாம் பக்கத்தில் அம்மா வந்தாள்

1

இந்த நாட்டில் வந்து இறங்கிப் பதினாறு ஆண்டு முடிந்தது நவம்பர் மூன்றாம் வாரத்து வியாழக்கிழமை. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளுக்கு டயரியில் ஒரு பக்கம் எழுதுவேன். எத்தனை மணிக்கு எழுந்தேன், வெளியே எவ்வளவு குளிர், பஸ் எத்தனை நிமிடம் பிந்தி வந்தது, என்ன சமைத்தேன் என்பவைதான் அதில் இருக்கும். பதினைந்து பக்கங்களையும் சேர்த்து வாசித்தால், ஒரே ஆளை ஒரே பஸ் நிறுத்தத்தில் பதினைந்து முறை நிற்க வைத்தது போலத் தெரியும்.

இம்முறை அந்தப் பக்கத்தைத் தொடங்கும் முன்பே சரோஜினி அழைத்துவிட்டாள். இங்கே காலை ஆறு பத்து, அங்கே மாலை நாலு நாற்பது. மாத்தளையிலிருந்து பஸ் ஏறி, எல்கடுவைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போய் முதலாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிறாள். நான் விட்டுவந்த வகுப்புத்தான் அது. அந்த வகுப்புக்காக நான் இங்கிருந்து சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் எழுதி அனுப்புகிறேன்.

"அக்கா, வேலைக்கு கெளம்பிட்டீங்களா?"

"இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. சொல்லு."

"நம்ம மாலா புஸ்தகத்துல ஒரு சிக்கல். நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

அச்சுப்பிழையாக இருக்கும் என்று நினைத்தேன். அச்சகத்துக்கு அனுப்பும் முன் நான் ஒவ்வொரு புத்தகத்தையும் பதினொரு முறை பார்ப்பேன். பிழை வந்தால் அது அச்சகத்தின் தலையில் விழும் என்ற நிம்மதி ஒரு கணம் இருந்தது.

"பிழையெல்லாம் இல்லக்கா. கவிஷான்னு ஒரு புள்ள. வகுப்புல அவதான் நல்லா வாசிக்கிறவ. பதினோராம் பக்கம் வரைக்கும் தண்ணி மாதிரி வாசிக்கிறா. அப்புறம் புஸ்தகத்த மூடிர்றா."

"கடைசிப் பக்கம்?"

"வாசிக்க மாட்டேங்குறா. வாசிடின்னா, போதும் டீச்சர்ங்கிறா. மூணு நாளா இதே கதைதான். அவங்கம்மா சித்திரைக்கு முன்னாடி குவைத்துக்குப் போயிட்டாங்கக்கா."

நான் சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் கட்டி, மறு பக்கம் அப்படியே நின்றுவிட்டது.

2

தெரியாதவர்களுக்காக இந்தப் புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு பக்கம். பக்கத்துக்கு ஒரு வசனம், கூடினால் இரண்டு. ஒரு வசனத்தில் நாலு சொல்லுக்கு மேல் போகக்கூடாது. புதிய சொல் வந்தால் அது குறைந்தது மூன்று இடத்திலாவது திரும்ப வரவேண்டும். அந்தத் தவணைக்குள் சரோஜினி படிப்பித்து முடித்த எழுத்துகளைத் தவிர வேறு எழுத்து வரக்கூடாது. அவள் தவணைக்கு ஒரு முறை எழுத்துப் பட்டியல் அனுப்புவாள். நான் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து, சமைக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அந்த எழுத்துகளுக்குள்ளேயே ஒரு கதையைத் தேடுவேன். சில கதைகளுக்கு ஏழு மாதம் பிடித்திருக்கிறது. நாற்பது சொல்லுக்கு ஏழு மாதம் என்றால் வேலை இடத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

இதுவரை ஒன்பது புத்தகம். படங்கள் என் மகள் ரோஷினி போடுவது. பத்து வயதில் இங்கே வந்தவள், இப்போது இருபத்தொன்று. அவள் தமிழில் வாசிப்பது இந்தப் புத்தகங்களை மட்டுந்தான், அதுவும் படத்தில் என்ன வரவேண்டும் என்று தெரிந்துகொள்ள. முதல் புத்தகத்தில் கொழுந்துக் கூடையைப் பள்ளிக்கூடப் பை போல இரண்டு தோளிலும் வார் போட்டு மாட்டிவிட்டாள். கூடை தலையில் மாட்டிய கயிற்றில் தொங்கும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. பிள்ளைகள் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சிரித்து உருண்டார்களாம். "டீச்சர், இந்தம்மா கொழுந்தெடுத்துட்டு இஸ்கூலுக்குப் போறாங்க" என்று ஒருத்தி சொன்னதை சரோஜினி எழுதி அனுப்பினாள். அதைத் திருத்த வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டே அந்தப் பக்கத்தை நாற்பது தரம் வாசித்திருக்கிறார்களே.

ஒன்பதாவது புத்தகம் "மழையும் மாலாவும்." மழை வருகிறது, மாலா பாயை எடுக்கிறாள். மழை வருகிறது, மாலா விறகை எடுக்கிறாள். பிறகு துணி, பிறகு கோழி. பதினோராம் பக்கத்தில் கதவு தட்டும் சத்தம். "யார் வந்தது?" பன்னிரண்டாம் பக்கத்தில்: "அம்மா வந்தாள்."

மலையிலிருந்து அம்மா நனைந்து வரும் அந்தப் பக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

3

அன்றைய தொலைபேசிப் பேச்சில் மீதியையும் சரோஜினி சொன்னாள். இந்தத் தவணைக்குக் கல்விக் காரியாலயத்தில் பதிந்திருப்பது இந்தப் புத்தகம் ஒன்றுதான். தவணை முடியும் முன் ஒவ்வொரு பிள்ளையும் உதவியில்லாமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்க வேண்டும். வாசிக்காத பிள்ளையின் பெயர் மெல்லக் கற்போர் பட்டியலில் போகும். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைப்பார்கள். ஒருமுறை அந்தப் பட்டியலில் ஏறிய பெயர் இறங்குவதை நான் அங்கே படிப்பித்த காலத்தில் கண்டதில்லை.

"அவ பேர அந்த லிஸ்ட்ல எழுத எனக்கு கை வரமாட்டேங்குதுக்கா. கடைசிப் பக்கத்த மாத்தித் தாங்க. வேற ஏதாச்சும் வரட்டும்."

"வகுப்புல இன்னும் எத்தன பேருக்கு அம்மா இல்லாம இருக்கு?"

"இல்லாமன்னு இல்ல. வெளிநாட்டுல நாலு பேரு. கொழும்புல வீட்டு வேலைக்கு மூணு பேரு. மத்ததுங்க முணுமுணுத்துக்கிட்டு வாசிச்சிருதுங்க. இவ மட்டுந்தான் மூடுறா."

இருபத்து நாலு பேரில் ஏழு. நான் அதைப் பஸ்ஸில் டயரியின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அவள் எனக்கு வாரம் ஒருமுறை வகுப்பைப் பற்றிச் சொல்கிறாள், நானும் கேட்கிறேன். இருந்தும், நான் கிளம்பிய நாளில் யார் யார் எங்கே நின்றார்களோ அங்கேயே இன்னும் நிற்கிறார்கள் என்றுதான் மனம் வைத்திருந்தது. அம்மாக்கள் எல்லோரும் மலையில் கொழுந்து எடுக்கிறார்கள், மழை வந்தால் லயத்து வீட்டுக்கு ஓடி வருகிறார்கள், நான் ஒருத்திதான் வெளியே வந்தவள் என்பது போல.

நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். அன்று என் பொறுப்பில் ஒன்பது பேர். குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சாப்பாட்டு மேசைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் பன்னிரண்டாம் பக்கத்தை எழுதிப் பார்த்தேன். பூனை வந்தது. கோழி ஏற்கெனவே வந்துவிட்டதால் பூனை வந்தால் கதை வேறு பக்கம் போகும். மாமா வந்தார். எந்த மாமா, ஏன் மழையில் வந்தார்? காற்று வந்தது. இதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன், அழகாக இருந்தது. பிறகு, ஆறு வயதில் கதவைத் திறந்து வெளியே யாரும் இல்லாததைப் பார்க்கும் பிள்ளையை நினைத்து விட்டுவிட்டேன்.

யோசனையில் இருந்தபோது தொண்ணூற்றொரு வயது அம்மையார் ஒருவர் போர்வை கேட்டார். சரி சரி என்பதற்கு நான் "ஹரி, ஹரி" என்றேன். களைத்துப்போனால் எனக்கு மாத்தளைக் கடைத்தெருச் சிங்களம்தான் வாயில் வரும். ஹரி என்பது யார், புது வைத்தியரா என்று அவர் மாலைவரை விசாரித்துக்கொண்டிருந்தார். வரவே இல்லையே என்று கடைசியில் குறையும் பட்டுக்கொண்டார்.

4

சனிக்கிழமை விடுமுறை. பழைய பிரதிகளும் வரைவுகளும் இருக்கும் பழுப்புக் கோப்பை எடுத்து ஒன்பது புத்தகங்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். ரோஷினி தேநீருடன் வந்து உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தாள்.

"இதுல எத்தன புக்ல கடைசில அம்மா வர்றாங்க தெரியுமா?"

"எத்தன?"

"ஒன்பதுல ஆறு."

நானும் எண்ணினேன். ஏழு. மூன்றாம் புத்தகத்தில் வருவது தாய்ப்பூனை, அதை அவள் சேர்க்கவில்லை.

"நீதானே படம் போட்ட. அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க எழுதுறத நிப்பாட்டிருவீங்க. நான் என் பாட்டுக்கு அம்மா வர்ற படமா போட்டுக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் கையில வேற வேற சாமான் குடுத்தேன். குடை, கூடை, பை. ஒரே அம்மாவே வந்துக்கிட்டிருந்தா போரடிக்கும்ல."

 கோப்பில் அடியில் கிடந்த தாள்களை அடுக்குவது போல எடுத்தேன். அவற்றில் ஒன்று, முதல்முதல் இந்த நாட்டுக்கு வர நான் நிரப்பிய விண்ணப்பத்தின் நகல். வீட்டோடு தங்கிப் பிறர் வீட்டு வயோதிபரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தவள் நான். குடும்பத்தைக் கூட்டிவர அனுமதி இல்லை. உடன் வராத பிள்ளை என்று ஒரு கட்டம், அதில் என் கையெழுத்தில் ரோஷினியின் பெயர், பெரிய எழுத்தில், கட்டத்துக்கு வெளியே ஒரு கோடும் போகாமல். அவளுக்கு அப்போது ஐந்து வயது. தகப்பனோடு ஊரில், பலாபத்வலவில் இருந்தாள். அந்தக் கட்டத்திலிருந்து அவளை எடுக்க ஐந்து ஆண்டும் மூன்று மாதமும் ஆனது.

அவளும் தாளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தேநீரைக் குடித்தாள்.

"நீ முதலாம் ஆண்டு படிக்கும்போது, பாடப் புத்தகத்துல அம்மா வந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன். பதினொரு ஆண்டாக இதைக் கேட்டதில்லை.

"ஞாபகம் இல்லம்மா." கொஞ்சம் யோசித்தாள். "மழை வந்தா அப்பா பாண் கொண்டு வருவாரு. அதுதான் ஞாபகம் இருக்கு."

"பாணா?"

"கடை வேல முடிஞ்சு வரும்போது, பேக்கரில வாங்கி. சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு சைக்கிள்ல வருவாரு. சட்டையெல்லாம் தொப்பலா நனஞ்சிருக்கும். பாண் நனையாது. சுடச்சுட இருக்கும். வயித்துல சுடுது சுடுதுன்னு வாசல்ல குதிப்பாரு. நான் பட்டனக் கழட்டி பாண எடுக்கணும்."

என் கணவர் ரவி அப்போது பலாபத்வலவில் பிரதான வீதியோரம் ஒரு வாகன உதிரிப்பாகக் கடையில் வேலை. இப்போது பக்கத்து அறையில் சலவைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே சொன்னார்:

"அந்த பேக்கரிக்காரன் பேப்பர்ல சுத்தித்தான் குடுப்பான். மழைக்குக் கரைஞ்சிரும். வேற எங்க வைக்கிறது?"

"குதிச்சது எதுக்குப்பா?"

"சுட்டுச்சு, குதிச்சேன்."

அன்று மத்தியானம் அந்த ஐந்து ஆண்டு டயரிகளையும் எடுத்துப் பார்த்தேன். நான் பார்த்துக்கொண்ட வீட்டுக் கிழவரின் மாத்திரை நேரங்கள் இருந்தன. முதல் பனி விழுந்த நாட்கள் இருந்தன. ஞாயிறு தோறும் வீட்டுக்குப் பேசிய நேரமும், அதற்கு எதிரே இரண்டு சொல்லும்: ரோஷினி நலம். ஒரு ஞாயிறும் விடுபடவில்லை. பாண் எங்கேயும் இல்லை. அவளிடம் நான் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. அந்த ஐந்து ஆண்டும் மழை பெய்த நாளெல்லாம் அந்த வாசலில் ஒரு மனிதர் குதித்திருக்கிறார்.

ஞாயிறு மாலைக்குள் பன்னிரண்டாம் பக்கம் முடிந்தது. "அப்பா வந்தார். பாணும் வந்தது." குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பட்டியலோடு எழுத்துகளைச் சரிபார்த்தேன். எல்லாம் படிப்பித்தவைதான். ரோஷினி படம் போட்டாள்: நனைந்த சட்டை, வயிற்றில் சதுரமாகத் துருத்தி நிற்கும் ஒரு பாண், தரையில் படாத இரண்டு கால்.

5

புதிய பக்கத்தைப் பழைய பக்கத்தின் மேல் ஒட்டிவிடலாம் என்பது எங்கள் எண்ணம். மாத்தளைக் கல்விக் காரியாலயத்தில் அது நடக்கவில்லை. மேலதிக வாசிப்பு என்று முத்திரை வாங்கிய புத்தகம், ஒட்டக்கூடாது, வெட்டக்கூடாது. அங்கிருந்த எழுதுவினைஞர் சொன்னதை சரோஜினி அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்:

"டீச்சர், ஒரு பக்கம் மாறினா புத்தகமே மாறினதுதான். பழசு எல்லாத்தையும் திருப்பிக் குடுங்க. புதுசு அச்சடிச்சு சீல் வாங்குங்க."

புதுப் பிரதிகளை அச்சடித்து வாங்கிக்கொண்டு, அவள் மூன்று நாள் பள்ளிக்கூடம் விட்டுக் காரியாலயத்துக்கு ஓடினாள். முதல் நாள் அதிகாரி கூட்டத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் அதிகாரி இருந்தார், முத்திரை இருந்த அலுமாரியின் சாவி வைத்திருந்தவர் இல்லை. மூன்றாவது தடவை அதிகாரி அந்தப் பக்கத்தைப் பார்த்து, பாணுக்கு ஏன் பை இல்லை என்று கேட்டிருக்கிறார். சட்டைக்குள் வைத்திருக்கிறார் சேர் என்று இவள் சொன்னாளாம். அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "எங்கப்பாவும் அப்படித்தான்" என்று முத்திரை குத்தினாராம்.

நான் இங்கே பொறுமையில்லாமல் இருந்தேன் என்று எழுத ஆசை. அந்தப் பத்து நாளில் இரண்டு பேர் வேலைக்கு வராததால் எனக்கு ஆறு நாள் இரட்டை ஷிப்ட் வேலை. முழங்கால் வீங்கியிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தால் தூக்கம், எழுந்தால் வலி. கவிஷாவை நினைத்தபோதெல்லாம் அவள் முகம் எனக்குத் தெரியாது என்பதையும் நினைத்தேன். தவணை முடிய இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் தினமும் எண்ணினேன்.

6

டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபத்தைந்துக்குச் சரோஜினி அழைத்தாள். நான் பஸ் நிறுத்தத்தில் நின்றேன்.

"வாசிச்சிட்டாக்கா. நின்னு, முழுசா, ஒரு தட்டுத் தடங்கல் இல்லாம. பாணும் வந்ததுன்னு சொல்லிட்டு சிரிக்கிறா. மத்ததுங்க எல்லாம் எந்திரிச்சு குதிக்குதுங்க. பக்கத்து வகுப்பு சேர் வந்து எட்டிப் பாக்குறாரு."

"லிஸ்ட்?"

"லிஸ்ட்ல அவ பேர் இல்ல."

பஸ் நிறுத்தத்தின் கண்ணாடிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். கால் வலியில் பாதி குறைந்தது போல இருந்தது.

"ஆனா ஒண்ணுக்கா. பழைய புஸ்தகம் எல்லாத்தையும் சேத்து திருப்பிக் குடுக்கணும்ல. இருபத்து மூணுதான் வந்திருக்கு. கவிஷாவோடது வரல. கேட்டா வீட்டுல இருக்குங்கிறா. நாளைக்கு கொண்டு வரேங்கிறா. மூணு நாளா நாளைக்குத்தான். இன்னைக்கு பக்கத்துல உக்கார வச்சு கேட்டேன். எங்கடி வச்சிருக்கன்னு. பெட்டிக்குள்ள, சட்டைக்கு அடியிலயாம்."

"எதுக்காம்?"

"அம்மா வர்ற அன்னைக்கு வாசிக்கணுமாம். கடைசிப் பக்கத்த. அப்ப இவ்வளவு நாளா ஏன்டி வாசிக்கலன்னேன். என்னைய ஒரு மாதிரி பாக்குறாக்கா. 'அம்மா இன்னும் வரலையே டீச்சர். வந்தாள்னு எப்படி வாசிக்கிறது'ங்கிறா."

 நாங்கள் மூன்று பெரியவர்கள், இரண்டு கண்டங்கள், ஒரு அச்சகம், ஒரு காரியாலயம் சேர்ந்து அவள் நொந்துபோய்ப் புத்தகத்தை மூடுகிறாள் என்று முடிவு செய்திருந்தோம். அவள் அந்தப் பக்கத்தை எடுத்து வைத்திருந்தாள்.

"எப்ப வர்றாங்களாம் அவங்கம்மா?"

"ரெண்டு வருஷம்னு போனாங்க. இப்ப இன்னொரு வருஷம் நீட்டியிருக்காங்கன்னு அவங்கப்பா சொல்றாரு. ஃபேக்டரில வேல செய்றவரு. புள்ளைக்கு இன்னும் சொல்லலையாம்." சரோஜினி மூச்சு விட்டாள். "சரி, அத விடுங்க. காரியாலயப் படிவத்துல திரும்பி வராத பிரதிகள்னு ஒரு கட்டம் இருக்கு. ஒண்ணுன்னு போட்டுட்டேன். பக்கத்துலயே காரணம் கேக்குறாங்க. தொலைந்ததுன்னு போட்டுறவா?"

என் பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது.

"தொலஞ்சதுன்னு போடாத, சரோ."

"பின்ன?"

"இன்னும் வாசித்து முடிக்கவில்லைன்னு எழுது."

"ஏத்துக்குவாங்களா?"

"ஏத்துக்கலன்னா திருப்பி அனுப்புவாங்க. திரும்பவும் அதையே எழுதி அனுப்பு."

பஸ் வந்து கதவைத் திறந்தது. நான் ஏறவில்லை, காதிலிருந்து தொலைபேசியையும் எடுக்கவில்லை. மறுமுனையில் சரோஜினி ஒவ்வொரு சொல்லாக, தன் வகுப்புப் பிள்ளைகளைப் போல வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, அந்தக் கட்டத்துக்குள் எழுதிக்கொண்டிருந்தாள்.